பிள்ளைச்சாவடி டு பாரிஸ்!

வெளிநாட்டுக்குப் போய் ரெண்டு வாரம் படிச்சுட்டு வரணும்னா பாஸ்போர்ட், விசா, இன்ஷூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட்னு ஒரு ஃபைல் நிறைய பேப்பர் வேணும். ஆனா, ஒரே பயணத்துல ரெண்டு எல்லை தாண்டறதுக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். நம்பலையா? புதுச்சேரியில காலாப்பட்டு பஸ் ஏறி ஜன்னல் ஓரமா உட்காருங்க.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரைக்கும் புதுச்சேரி. கோட்டக்குப்பம் வந்தா தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்... எல்லாமே தமிழ்நாடு. அதைத் தாண்டினா பிள்ளைச்சாவடி. மறுபடியும் புதுச்சேரி! கடை போர்டுல முகவரி மாறுது, நிக்கிற பைக்கோட நம்பர் பிளேட் மாறுது, பெட்ரோல் ரேட் மாறுது. பிராந்திக் கடை ரேட் மாறுறது சொல்லவே வேணாம், உங்களுக்கே தெரியும்! மொத்தமே பத்து கிலோமீட்டர் சொச்சம்தான்.

இந்த ஒட்டுப்போட்ட சட்டை மாதிரியான மேப்புக்குக் காரணம் பிரெஞ்சுக்காரங்க. அவங்க கையில இருந்த கிராமங்கள் அங்கங்கே தனித்தனித் துண்டா கிடந்தன. நடுவுல எல்லாம் பிரிட்டிஷ் இந்தியா. 1954 நவம்பர் 1 அன்னிக்குப் புதுச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. அதுவரைக்கும் இது நிஜமான வெளிநாட்டு எல்லை. சுங்கம், சோதனை, கடத்தல் எல்லாமே உண்டு. சட்டப்படி முழுசா கைமாறினது 1962-ல்தான்.

'சாவடி'ன்னா வழிப்போக்கர்கள் கொஞ்ச நேரம் தங்கி, இளைப்பாறி, கிளம்பிப் போற இடம். வெளிநாட்டுல சின்ன கோர்ஸ் படிக்கப் போறவங்களும் அப்படித்தானே? போனோம், தங்கினோம், கிளம்பினோம். ஆனா, திரும்பி வரும்போது பையில என்ன இருக்கு? அதுதான் இந்த வாரக் கேள்வி.

டீக்கடை பிசினஸ் ஸ்கூல்

பிள்ளைச்சாவடியில ஈ.சி.ஆரை ஒட்டி இருக்கிற பெரிய கேம்பஸ், புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பழைய ஆளுங்களுக்கு இன்னும் அது 'பாண்டிச்சேரி இன்ஜினீயரிங் காலேஜ்'தான். 2020-ல் பல்கலைக்கழகமா உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனா காலாப்பட்டுல, 1985-ல் தொடங்கின மத்தியப் பல்கலைக்கழகம். மேலாண்மை, பன்னாட்டு வணிகம், வங்கித் தொழில்நுட்பம், சுற்றுலான்னு எம்.பி.ஏ. பசங்க பல துறைகள்ல இருக்காங்க. அதனால இந்த ரோட்டு டீக்கடைகள்ல உட்கார்ந்தா 'மார்க்கெட் ஷேர்', 'பிளேஸ்மென்ட்', 'பேக்கேஜ்'னு பேச்சு காதுல விழுந்துட்டே இருக்கும்.

அப்படி ஒரு கடையிலதான் அந்தப் பெண்ணைச் சந்திச்சேன். எம்.பி.ஏ. முதல் வருஷம். பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. இந்தக் கரையிலயே பிறந்து வளர்ந்தவங்க. அப்பா கடலுக்குப் போறவர், அம்மா மீன் விக்கிறவங்க. கையில ஒரு பளபள பிரவுச்சர். பிரான்ஸ்ல ஒரு பிசினஸ் ஸ்கூல்ல ரெண்டு வார கோர்ஸ். ஃபீஸ், டிக்கெட், விசா, சாப்பாடுன்னு எல்லாம் கூட்டினா ரெண்டு லட்சத்துக்கு மேல போகுதாம்.

"போகணும்னு ஆசையா இருக்குண்ணா. ஆனா ரெண்டு வாரத்துல அப்படி என்னத்தைக் கத்துக்க முடியும்னு எங்க வீட்ல கேட்கிறாங்க. எனக்கே பதில் தெரியலை."

பக்கத்துல மீன் கூடையை இறக்கி வெச்சிருந்த அவங்க அம்மா சிரிச்சாங்க. "ரெண்டு லட்சத்துக்கு போட்டுக்கு ஒரு இன்ஜினே வாங்கிடலாம் தம்பி. இன்ஜின் வாங்கினா மீன் வரும். பாப்பா போயிட்டு வந்தா என்ன வரும்? அதைச் சொல்லச் சொல்லுங்க."

எந்த பிசினஸ் ஸ்கூல் புரொஃபசரும் இதைவிடத் தெளிவா கேட்டிருக்க மாட்டார். போட்ட பணத்துக்கு என்ன வருமானம்? அம்மா கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

மூணு வகை, மூணு ரேட்

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். 'ஃபாரின் போய்ப் படிக்கிறேன்'னு எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாலும், மேலாண்மைப் படிப்புல குறுகிய காலக் கோர்ஸ்கள் மூணு வகை.

ஒண்ணு, எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர். உங்க காலேஜும் வெளிநாட்டுக் காலேஜும் ஒப்பந்தம் போட்டிருக்கும். நீங்க அங்கே ஒரு டெர்ம் படிப்பீங்க, அங்கேயிருந்து ஒருத்தர் இங்கே வருவார். பெரும்பாலும் படிப்புக் கட்டணத்தை உங்க காலேஜ்லயே கட்டினா போதும். டிக்கெட்டும் தங்குற செலவும்தான் உங்க பொறுப்பு. அங்கே வாங்கின கிரெடிட் இங்கே சேரும். ஐ.ஐ.எம்.கள்ல இது பல வருஷப் பழக்கம்.

ரெண்டாவது, இம்மர்ஷன். ஒரு வாரம் முதல் மூணு வாரம் வரைக்கும். பேராசிரியர் கூட வருவார். நாலு கம்பெனி விசிட், நாலு லெக்சர், ஒரு ரிப்போர்ட். மூணாவது, சம்மர் ஸ்கூல். எந்தக் காலேஜ் மாணவரும் தனியா அப்ளை பண்ணலாம். ஆனா முழுக் கட்டணமும் நம்ம பாக்கெட்லேர்ந்துதான்.

இதெல்லாம் நேத்து முளைச்ச ஐடியா இல்லை. ஐரோப்பாவுல 1987-ல் 'எராஸ்மஸ்' திட்டம் ஆரம்பிச்சப்போ 11 நாடுகள் சேர்ந்தன. முதல் வருஷம் போனவங்க 3,244 மாணவர்கள். இன்னிக்கு அந்தத் திட்டம் வளர்ந்து, 2015-லேர்ந்து இந்தியா மாதிரி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடயும் மாணவர்களைப் பரிமாறிக்குது. அமெரிக்காவுல ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2011-12 கல்வி ஆண்டுல ஒரு பெரிய மாற்றம் செஞ்சது. வகுப்பறையில கேஸ் ஸ்டடி படிக்கிறதுக்குப் பேர் போன ஸ்கூல் அது. அதுவே முதல் வருஷ மாணவர்கள் அத்தனை பேரையும், சுமார் 900 பேர், வெளிநாடுகளுக்கு அனுப்பி, அங்குள்ள கம்பெனிகளோட வேலை செய்ய வெச்சது. அந்தப் பட்டியல்ல இந்தியாவும் இருந்தது.

யோசிச்சுப் பாருங்க. நாம விமானம் ஏறி அங்கே போறதுக்குக் கடன் தேடறோம். அவங்க விமானம் ஏறி நம்ம பக்கம் வர்றாங்க! எதுக்கு?

அவங்க என்ன பார்க்க வர்றாங்க?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பத்தி ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1993-லயே கேஸ் ஸ்டடி போட்டாச்சு. ஏழைகளுக்கு இலவசமா ஆபரேஷன் பண்ணியும் ஒரு மருத்துவமனை எப்படி நஷ்டமில்லாம ஓடுது? இந்த ஒரு கேள்விக்காக உலகத்தின் பல மூலைகள்ல எம்.பி.ஏ. பசங்க அதைப் படிக்கிறாங்க. அதே அரவிந்துக்குப் புதுச்சேரி தவளக்குப்பத்துல ஒரு மருத்துவமனை இருக்கு. 2003-ல் திறந்தது. பிள்ளைச்சாவடியிலேர்ந்து பைக்ல போயிட்டு வந்துடலாம்.

அது பெரிய ஆஸ்பத்திரி, சரி. வெறும் மீன் கரையில என்ன இருக்கு? இருக்கு! ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர். வட கேரளக் கடற்கரைகளுக்குப் போனார். 1997-லேர்ந்து 2001 வரைக்கும் அந்தக் கடலோரத்துல செல்போன் டவர் ஒவ்வொண்ணா வந்த சமயம். ஒரு கரையில மத்தி குவிஞ்சு, வாங்க ஆளில்லாமத் திரும்பக் கடல்லயே கொட்டுவாங்க. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு கரையில மீன் கிடைக்காம வியாபாரிகள் வெறும் கையோட திரும்புவாங்க. செல்போன் வந்ததும் மீனவர்கள் கடல்லேர்ந்தே விலை விசாரிச்சு, எந்தக் கரைக்குப் போறதுன்னு முடிவு செஞ்சாங்க. மீன் வீணாறது ஏறக்குறைய நின்னே போச்சு. மீனவர் லாபம் சராசரியா 8 சதவீதம் ஏறிச்சு. வாங்கறவங்களுக்கு விலை 4 சதவீதம் இறங்கிச்சு. 2007-ல் வெளிவந்த இந்த ஆய்வு, உலகம் முழுக்கப் பொருளாதார வகுப்புகள்ல இன்னிக்கும் பாடம்.

அவர் கையில அப்போ ஒரு கேள்வி இருந்தது: 'விலைத் தகவல் கைக்கு வந்தா சந்தை எப்படி மாறும்?' அந்தக் கேள்வி இல்லாமப் போயிருந்தா, அவரும் நம்மளை மாதிரி கேரளாவுல போட்ல ஒரு ரவுண்டு சுத்தி, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பியிருப்பார்.

பாரிஸ் போன முதல் பிள்ளை

கேள்வியோட போறதுன்னா என்னன்னு புரிய, புதுச்சேரிக்காரங்க கேரளா வரைக்கும் போகவே வேணாம். சொந்த ஊர்லயே ஒரு கதை இருக்கு. 300 வருஷத்துப் பழைய கதை.

நயினியப்ப பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷ். இன்னிக்கு பாஷையில சொன்னா மொழிபெயர்ப்பாளர், தரகர், சப்ளை மேனேஜர், பேங்கர் எல்லாம் சேர்ந்த ஒரே ஆள். 1716-ல் பிரெஞ்சு கவர்னர் அவரைக் கைது செஞ்சார். சவுக்கடி, சிறை, சொத்துப் பறிமுதல். 1717-ல் சிறையிலேயே இறந்துபோனார். குடும்பம் சும்மா இருக்கலை. நியாயம் கேட்டு மனு மேல மனு. மூத்த பையன் குருவப்ப பிள்ளை கப்பலேறி, லண்டன் வழியா பாரிஸ் போய்ச் சேர்ந்தார். 1719-ல் தீர்ப்பு ரத்தாச்சு. குருவப்பர் பாரிஸ்ல கிறிஸ்தவரானார், செயின்ட் மைக்கேல் வீரப்பட்டம் வாங்கினார், 1720-களின் தொடக்கத்துல ஊர் திரும்பி, அப்பா வகித்த அதே பதவியில உட்கார்ந்தார்.

இந்தக் குடும்பத்துக்கு உறவினர்தான் நாட்குறிப்புப் புகழ் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-லேர்ந்து அவர் எழுதினதுல சரக்கு, கப்பல், கடன், வழக்கு, வதந்தி எல்லாமே இருக்கும். பிசினஸ் ஸ்கூல்னு ஒரு வார்த்தையே இல்லாத காலத்துல எழுதின கேஸ் ஸ்டடி! புதுச்சேரியில ரங்கப்பிள்ளை வீதியில நடந்தா இவரை நினைச்சுக்குங்க.

குருவப்பர் பாரிஸ்ல எந்த டிகிரியும் வாங்கலை. மாசக்கணக்குல கடல்ல போனவர், கையில ஒரு மனுவோட போனார். 'எங்கப்பாவுக்கு நடந்தது அநியாயம். இதை எந்தக் கதவைத் தட்டினா சரி செய்யலாம்?' அந்த ஊர்ல யாருக்கு அதிகாரம், யார் பேச்சை யார் கேப்பாங்க, கம்பெனி எப்படி முடிவெடுக்குது... இதையெல்லாம் அவர் தேடித் தெரிஞ்சுக்கிட்டது அந்த மனுவுக்காகத்தான்.

கடல் எழுதின பாடம்

பிள்ளைச்சாவடிக்குத் திரும்புவோம். அந்தப் பெண்ணும் அம்மாவும் என்னைக் கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. "தோ, அங்கதான் எங்க ஆயா வீடு இருந்துச்சு"ன்னு அம்மா கை நீட்டின இடத்துல தண்ணிதான் இருந்தது.

ஏன் இப்படி? புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடல்ல சேர்ற இடத்துல, 1980-களின் கடைசியில துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள கல் சுவர்கள் கட்டினாங்க. நம்ம கிழக்குக் கடற்கரையில வருஷத்துல பெரும்பகுதி நாள், அலை மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிட்டே போகும். ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். சுவர் அதைத் தடுத்ததும் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்குப் பக்கம் கரை கரைஞ்சது. நகரத்தைக் காப்பாத்தப் பாறாங்கல் கொட்டினாங்க. நகரம் தப்பிச்சது. அரிப்பு நகர்ந்து அடுத்த ஊருக்குப் போச்சு. அங்கே கல் கொட்டினா, அதுக்கு அடுத்த ஊர். வரிசையா வந்து, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி.

2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் வந்தப்போ இங்கே வீடுகள் இடிஞ்சு கடலோட போச்சு. கல் சுவர் கேட்டு ஜனங்க ஈ.சி.ஆரை மறிச்சாங்க. இதுல இன்னொரு சிக்கல். பொம்மையார்பாளையம் தமிழ்நாடு, பிள்ளைச்சாவடி புதுச்சேரி. ஃபைல் ரெண்டு அரசாங்கத்துல ஓடணும். அலைக்கு எந்த அரசாங்கமும் கணக்கில்லை.

எம்.பி.ஏ. முதல் செமஸ்டர் பொருளாதாரப் பாடத்துல 'புறவிளைவு'ன்னு ஒரு அத்தியாயம் வரும். ஒருத்தர் செய்யற வேலையோட செலவு, அவர் கணக்குப் புத்தகத்துல ஏறாம, சம்பந்தமில்லாத இன்னொருத்தர் தலையில விழறது. துறைமுகத்தோட வரவு செலவுல இந்த அம்மாவோட ஆயா வீடு எந்தப் பக்கத்துல இருக்கு? எந்தப் பக்கத்துலயும் இல்லை. புத்தகத்துல ரெண்டு பாராவுல முடியற விஷயம், இங்கே ஒரு தெருவையே முழுங்கியிருக்கு.

"இது பாடத்துல வருதுண்ணா. நான் எழுதி மார்க்கும் வாங்கிட்டேன். ஆனா எங்க ஆயா வீடுதான் அதுன்னு தோணவே இல்லை"ன்னாங்க அந்தப் பெண்.

பிரான்ஸ்லயும் ஒரு பிள்ளைச்சாவடி

இப்போ அந்த பிரவுச்சரைத் திரும்ப எடுப்போம். பிரான்ஸ்லயும் கடல் கரையைத் தின்னுது. போர்தோ பக்கம், அட்லான்டிக் கடலோரத்துல சூலாக்-சூர்-மேர்னு ஒரு ஊர். 1960-களின் கடைசியில அங்கே 'லெ சிக்னல்'னு நாலு மாடி அடுக்ககம் கட்டினாங்க. 78 வீடுகள். கட்டினப்போ கடல் 200 மீட்டர் தள்ளி இருந்தது. கொஞ்சம் கொஞ்சமா நெருங்கி, 2014-ல் எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். வீட்டுச் சொந்தக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. வெள்ளத்துக்கு நஷ்டஈடு தர்ற நிதி இருக்கு, மணல் அரிப்புக்கு அந்த நிதியில இடமில்லைன்னு பதில் வந்தது. விடாமப் போராடினாங்க. கடைசியில 2020-ல் அரசாங்கம் ஒப்பந்தத்துக்கு வந்து, வீட்டு மதிப்புல சுமார் 70 சதவீதம் கொடுக்க முன்வந்தது. 2023-ல் கட்டடத்தை இடிச்சாங்க.

எழுபது சதவீதம்னு எப்படிக் கணக்குப் போட்டாங்க? பணம் யார் பாக்கெட்லேர்ந்து வந்தது? இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏன் ஒதுங்கினாங்க? பட்டா இல்லாத வீடா இருந்தா என்ன ஆகியிருக்கும்? இதெல்லாம் பக்கா மேலாண்மைக் கேள்விகள். பிரான்ஸ்ல ரெண்டு வாரம் இருக்கப்போற பிள்ளைச்சாவடிப் பெண் கேட்டா, அந்த வகுப்புல வேற யாரும் கேட்க முடியாத கேள்விகள்.

நான் இதைச் சொன்னதும் அவங்க பிரவுச்சரைத் திருப்பி, பின்பக்கத்துல எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அம்மா மட்டும் விடலை. "எழுதறது இருக்கட்டும். காசுக்கு வழி?"

நியாயம்தான். அதையும் பார்ப்போம்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி...

அழகான போட்டோ, ஈஃபிள் டவர், கோட் சூட் போட்ட பசங்க... இதெல்லாம் எல்லா பிரவுச்சர்லயும் இருக்கும். நீங்க கேட்க வேண்டியது இதைத்தான்:

நடத்தறது யார்? பல்கலைக்கழகமா, நடுவுல ஒரு டிராவல் ஏஜென்டா? ஏஜென்ட்னா, அந்த வெளிநாட்டுக் காலேஜுக்கே நேரா மெயில் போட்டு 'இந்தக் கோர்ஸ் உங்களோடதுதானா?'ன்னு கேட்டுக்கோங்க.

கிரெடிட் உண்டா? வெறும் 'பங்கேற்புச் சான்றிதழ்'னா, அதைச் சுவர்ல மாட்டலாம். மார்க் ஷீட்ல ஏறாது. கிளம்பறதுக்கு முன்னாடியே உங்க துறையில எழுத்து மூலமா கேட்டு வாங்கிடுங்க.

வகுப்பு எத்தனை மணி நேரம், ஊர் சுத்தறது எத்தனை மணி நேரம்? டைம் டேபிளை வாங்கி, பேனாவால ரெண்டையும் தனித்தனியா கூட்டிப் பாருங்க. விடை சட்டுனு தெரிஞ்சுடும்.

கூடப் படிக்கப் போறது யார்? முப்பது பேரும் உங்க கிளாஸ் பசங்களேன்னா, கேன்டீன் பேச்சை விமானத்துல ஏத்திட்டுப் போற மாதிரிதான். பல நாட்டுப் பசங்க கலந்திருந்தா மதிப்பு ஜாஸ்தி.

கம்பெனி விசிட்ல உங்களோட பேசப்போறது யார்? வரவேற்பறையில வீடியோ போட்டுக் காட்டி, டீ கொடுத்து அனுப்பறதுக்குப் பேர் விசிட் இல்லை.

விசா? பிரான்ஸ் உள்பட ஷெங்கன் நாடுகள்ல 180 நாளுக்குள்ள 90 நாள் வரைக்கும் தங்க குறுகிய கால விசா. 2024 ஜூன்லேர்ந்து பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். 90 நாளுக்கு மேலன்னா நீண்ட கால விசா, அதுக்கு நடைமுறையே வேற. எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் போறவங்க நாளை எண்ணிப் பார்த்து அப்ளை பண்ணுங்க.

செலவைக் குறைக்க முதல் வழி, பேக்கேஜ் டூருக்குப் பதிலா எக்ஸ்சேஞ்ச். உங்க பல்கலைக்கழகத்துல சர்வதேச உறவுகளைக் கவனிக்கிற அலுவலகத்துக்குப் போய், எந்தெந்த வெளிநாட்டு நிறுவனத்தோட ஒப்பந்தம் நடைமுறையில இருக்குன்னு லிஸ்ட் கேளுங்க. கதவு திறந்திருந்தும் யாரும் போய்க் கேட்காம விட்ட இடங்கள் உண்டு. ரெண்டாவது, உதவித்தொகை. பிரான்ஸுக்குன்னா பிரெஞ்சுத் தூதரகத்தோட ஷார்பாக் உதவித்தொகைகள், ஐரோப்பாவுக்குன்னா எராஸ்மஸ் பிளஸ். வருஷா வருஷம் விதி மாறும், அறிவிப்பை நீங்களே படிக்கணும். மூணாவது, கோர்ஸ் நடத்தற காலேஜ்கிட்டயே கட்டணச் சலுகை கேட்கறது. கேட்கக் கூச்சப்படாதீங்க. 'இல்லை'ன்னு சொன்னா நஷ்டம் ஒரு மெயில்தான்.

புதுச்சேரிப் பசங்களுக்கு ஒரு போனஸ். பிரெஞ்சு! சொல்தா குடும்பங்கள், பிரெஞ்சுப் பென்ஷன், தெருப் பெயர்ப் பலகைன்னு அந்த மொழி இங்கே காத்துலயே இருக்கு. 1889-லேர்ந்து அலியான்ஸ் பிரான்சேஸ் இங்கே இருக்கு. கிளாஸ் ரூம் ஆங்கிலத்துல நடந்தாலும், சூலாக் கடற்கரையில ஒரு பாட்டிகிட்டப் பேசணும்னா பிரெஞ்சுதான் வேணும்.

கடன் வாங்கிப் போகலாமான்னு கேட்டா, என் பதில் இதுதான்: ரெண்டு வார பேக்கேஜுக்கு வட்டிக்கு வாங்காதீங்க. வீட்டுல இன்ஜினா, கோர்ஸான்னு யோசிக்கிற நிலைமை இருந்தா, கட்டணமில்லாத எக்ஸ்சேஞ்ச் இல்லேன்னா உதவித்தொகை கிடைக்கற வரைக்கும் ஒரு வருஷம் பொறுக்கறதுல தப்பே இல்லை. அந்த வருஷம் வீணாகாம இருக்கணும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு வரி

எல்லா விண்ணப்பத்துலயும் 'ஏன் இந்தக் கோர்ஸ்ல சேர விரும்பறீங்க?'ன்னு ஒரு கட்டம் இருக்கும். 'உலகளாவிய பார்வையை வளர்த்துக்கொள்ள'ன்னு எழுதற ஆயிரம் பேர்ல ஒருத்தரா இருக்காதீங்க. உங்க ஊர்ல உங்க கண்ணு முன்னாடி நடக்கிற, உங்களுக்கு இன்னும் விடை தெரியாத ஒரு விஷயத்தை எழுதுங்க. திருப்பூர்ப் பையனுக்கு அது சாயத் தண்ணியா இருக்கலாம். சிவகாசிப் பொண்ணுக்கு அச்சுக்கூடமா இருக்கலாம். நாமக்கல்காரருக்கு முட்டை விலை. அந்தக் கேள்வியோட போனா ரெண்டு வாரமே ஜாஸ்தி. இல்லாமப் போனா ரெண்டு வருஷமும் பத்தாது.

அந்தப் பெண் ரெண்டு வார பேக்கேஜை வேணாம்னுட்டாங்க. அதுக்குப் பதிலா ஒரு எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு விண்ணப்பம் தயார் பண்றாங்க. காரணக் கட்டத்துல எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டினாங்க: 'கடல் எடுத்த வீட்டுக்கு யார் பணம் தரணும், எவ்வளவு தரணும்?'

அம்மா அதைக் கேட்டுட்டு, "இதுக்கு பதில் தெரிஞ்சா எனக்கும் சொல்லு பாப்பா"ன்னாங்க. அந்த அம்மா கேட்ட வருமானம் இதுதான்னு நினைக்கறேன்.

விண்ணப்பத்தோட முடிவு தெரிய இன்னும் மாசக்கணக்கு ஆகலாம். அதுக்குள்ள அவங்க ஒரு நோட்டோட பொம்மையார்பாளையம் பக்கம் நடந்து, எந்தத் தெருவுல எத்தனை வீடு போச்சு, யாருக்கு எவ்வளவு கிடைச்சதுன்னு வீடு வீடா கேட்டு எழுத ஆரம்பிச்சிருக்காங்க. அந்த எல்லையைத் தாண்ட விசா வேணாம்.